திசை சொன்னவள்

கண்ணாடிக்காரரைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. வாலிப வயதிலிருந்து ஒரே கடை, ஒரே முதலாளி, ஒரே முக்காலி. மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பது, சட்டத்தில் பொருத்துவது, காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்று வருகிறவர்களுக்குக் கம்பியை வளைத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். பார்வை பார்க்கிற ஆள் லீவு போட்டுவிட்டால் அதையும் அவரே பார்ப்பார். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் மேலே யானை மாதிரி ஓர் எழுத்து, கீழே போகப் போக எறும்பு. வந்தவர் எந்த வரியில் திணறுகிறார் என்பதை வைத்தே பவர் என்ன என்று சொல்லிவிடுவார். அநேகமாகச் சரியாக இருக்கும். தப்பாகப் போனாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அப்படி ஒரு ஆள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனுஷன் வேறு. இருட்டு பிரிவதற்குள் எழுந்து, கைக்குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தோடு கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் நீர்த்தேக்கத்துக்குக் கிளம்பிவிடுவார். பறவைகளைப் படம் பிடிக்க. அதிலும் கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கிற பறவை அவருக்கு வேண்டாம். "உக்காந்திருக்கிறத எவன் வேணா எடுப்பான். அதுக்கு ஸ்டுடியோவுல ஸ்டூல் போட்டு எடுத்துக்கலாமே" என்பார். பறக்கும்போது எடுக்க வேண்டும். எதிர்முகமாக வர வேண்டும், இரண்டு இறக்கையும் விரிந்திருக்க வேண்டும், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழ வேண்டும். மூன்றும் ஒரே படத்தில் சேர்வது குதிரைக் கொம்பு.

நீளமான லென்ஸைத் தூக்கி வானத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். வெறும் கண்ணுக்கு இதோ என்று தெரிகிற பறவை, கேமராவில் கண்ணை வைத்ததும் காணாமல் போய்விடும். உள்ளே ஒரு துண்டு வானம் மட்டும் இருக்கும். அதை இங்கே திருப்பி அங்கே திருப்பித் தேடுவதற்குள் பறவை ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் பக்கத்தில் ஒருவர் வெறும் கண்ணோடு உட்கார்ந்து, எது எங்கேயிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரருக்கு அப்படிச் சொன்னவள் அவர் மனைவி.

அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். புதுத்துணி தைப்பதில்லை. பெரிசைச் சின்னதாக்குவது, கிழிசலைத் தெரியாமல் மூடுவது, ஜிப் மாற்றுவது. வாரம் முழுக்கக் குனிந்தே கிடந்த கழுத்து, ஞாயிற்றுக்கிழமை கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் நிமிரும். "இடது பக்கம், ஆலா, தாழ்வா வருது." "வலது, மேல, ரெண்டு நீர்க்காகம், அவசரமே இல்ல, மெதுவா திரும்புங்க." அவர் கண்ணை எடுக்காமல் லென்ஸைத் திருப்புவார், பறவை சொல்லி வைத்த மாதிரி உள்ளே வந்து நிற்கும். பார்க்கப் போனால் அந்தப் படங்களில் பாதி அவள் எடுத்தவை. இதை யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். சொல்லாமல் விட்டாலும், கொஞ்ச நேரம் கழித்து அவரே சொல்லுவார்.

மகளைக் கட்டிக் கொடுத்து வெளியூர் அனுப்பிய பிறகு அவர்களுக்குள் இருந்த பேச்செல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுதான். மற்ற நாளில் "சாப்பாடு எடுத்து வச்சியா", "கரண்ட் பில் கட்டியாச்சா" என்பதற்கு மேல் என்ன இருக்கிறது? கரையில்தான் அவள் வாய் ஓயாமல் பேசினாள், அவர் காது கொடுத்துக் கேட்டார்.

இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்திருந்து, பிறகு எடுத்து நீட்டி உங்களை அசத்துகிற எண்ணம் எனக்கு இல்லை. அந்த வருடங்களில் அவளுடைய பார்வை போய்க்கொண்டிருந்தது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நீர் வடியவில்லை. துணியின் ஓரம் பிரிகிற மாதிரி வெளியிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியாததில் தப்பில்லை.

முதலில் டீ டம்ளர்கள் உடைந்தன. மேஜை ஓரத்தில் இருப்பதை முழங்கையால் தட்டிவிடுவாள். "ஏன்தான் இப்படி நிதானமில்லாம இருக்கியோ" என்று அவர் துடைப்பம் எடுத்து வருவார். பிறகு கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் பக்கத்தில் வந்து சிரித்தால் பார்க்காமல் போனாள். தலைக்கனம் ஏறிவிட்டது என்று இரண்டு பேர் அவர் காதுபடவே பேசினார்கள்.

அப்புறம் படங்கள். அவள் குரல் தாமதமாக வர ஆரம்பித்தது. "இடது பக்..." என்று அவள் வாயைத் திறக்கும்போது பறவை மூக்குக்கு நேரே கடந்து போய்க்கொண்டிருக்கும். அவர் அடித்துப் பிடித்துத் திரும்பினால் கிடைப்பது பறவையின் பின்புறம். நாரையின் வால், வாத்தின் வால், பருந்தின் வால். நூலகத்து ஹாலில் வருடா வருடம் நடக்கிற கண்காட்சிக்குக் கொடுக்க ஒன்றுகூடத் தேறவில்லை. கரையில் கூடவே வந்து படம் எடுக்கிற பேங்க்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது. அவர்தான் "என்ன வால்காரரே, இந்த வாரம் என்ன வால்?" என்று ஆரம்பித்து வைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்காரர் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார், வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

ஒருநாள் சாயங்காலம் அவளே வாய்விட்டுச் சொன்னாள்.

"என்னங்க, ஓரத்துல ஏதோ சரியில்லங்க. கண்ணுலதான் என்னமோ."

"மங்கலா தெரியுதா?"

"மங்கல் இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இருக்கிறது திடீர்னு வருது."

அவர் அலட்சியம் செய்தார் என்று சொன்னால் அது பொய். மறுநாளே கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு கண்ணை மூடச் சொன்னார், பலகையைக் காட்டினார். அவள் யானை எழுத்திலிருந்து எறும்பு எழுத்துவரை மடமடவென்று படித்தாள். அடுத்த கண்ணும் அப்படியே. பலகையின் அடியில் அச்சடித்தவன் முகவரி பொடியாக இருக்குமே, அதையும் படித்துக் காட்டினாள். கண்ணாடிக்காரர் கைகொட்டிச் சிரித்தார்.

"எனக்கே அது தெரியாதுடி! இந்த வயசுல இப்படி ஒரு கண்ணு எவளுக்கு இருக்கு? ஊசியில ஒரே குத்துல நூல் கோக்கிறவ நீ. கண்ணுக்கு ஒண்ணும் கேடு இல்ல."

"அப்ப ஏங்க இப்படி?"

"கவனம் இல்ல. அவ்ளோதான். மனசு எங்கயோ இருக்கு உனக்கு."

காலமெல்லாம் கண்ணோடு புழங்கிய மனுஷன் சொல்லிவிட்டார். அவள் நம்பினாள். தன் கவனம்தான் கெட்டுப் போய்விட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணை அகல விரித்து, இமை கொட்டாமல், உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இறக்கைச் சத்தம் கேட்டால் அதை வைத்துக் குத்துமதிப்பாகத் திசை சொன்னாள். சில நாள் சரியாக விழுந்தது. பலகை நேர் எதிரே இருப்பதைத்தான் சோதிக்கும், பக்கவாட்டில் என்ன தெரிகிறது என்று அது கேட்காது. பாழாய்ப்போன அந்தப் பலகையை மாட்டி வைத்துக்கொண்டு பிழைத்த மனுஷனுக்கு இது தோன்றவே இல்லை.

குளிர்காலத்தில் அந்த நீர்த்தேக்கத்துக்கு விராலடிப்பான் வரும். தண்ணீருக்குள் கால் நீட்டிப் பாய்ந்து மீனைத் தூக்கிக்கொண்டு போகிற பெரிய பருந்து. மீனோடு எதிர்முகமாக வருவதை எடுக்க வேண்டும் என்பது கண்ணாடிக்காரரின் தீராத ஆசை. அன்று கரையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். விராலடிப்பான் இடப்பக்கத்து மரங்களுக்குப் பின்னாலிருந்து, மீனைக் காலில் இடுக்கிக்கொண்டு, தாழ்வாக, நேராக இவர்களைப் பார்த்தே வந்தது. எல்லாருடைய கேமராவும் படபடவென்று அடித்தது. கண்ணாடிக்காரருடையது மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினார், எல்லாம் முடிந்திருந்தது.

"என்னடி பண்ணிட்டு இருந்த?"

"நான்... எனக்குத் தெரியலங்க."

"அம்மாம் பெரிய பறவை! கதவு சைஸுக்கு வருது! தெரியலன்னா? தூங்கறதுக்கு இங்க எதுக்கு வர? அடுத்த வாரத்துலேர்ந்து வீட்லயே கெட. நான் தனியா வந்துக்கிறேன்."

அத்தனை பேர் முன்னால். பேங்க்காரர்கூட வாயை மூடிக்கொண்டு தன் பையைத் துழாவினார். அவள் எழுந்தாள். நாற்காலியை மடக்கினாள், தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள், அவருக்கு முன்னால் நடந்தாள். கோபத்தில் அவர் பத்தடி பின்னாலேயே வந்தார்.

பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்தில் அவள் நின்று நேரே பார்த்தாள். யாரும் இல்லை. காலை வைத்தாள். பக்கவாட்டிலிருந்து வந்த சைக்கிள் அவள் இடுப்பில் மோதியது. சைக்கிள்காரனும் விழுந்தான், அவளும் விழுந்தாள். "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அவன் கத்தினான். கண்ணாடிக்காரர் ஓடி வந்து, மனைவியைத் தூக்குவதற்கு முன்னால், அவனோடு சண்டைக்குப் போனார். "யார்ரா கண்ணு தெரியாதவ? உன் கண்ண விட நல்ல கண்ணுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அதுவும் நடந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா கட்டுப் போட்டாள். எப்படி அடிபட்டது என்று கேட்டாள். சைக்கிள் வந்ததைப் பார்க்கவே இல்லை என்று அவள் சொன்னதும், டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, என் மூக்கையே பாருங்க. கண்ண அசைக்கக் கூடாது. என் விரல் ஆடுறது தெரிஞ்சா சொல்லுங்க."

டாக்டரம்மா தன் கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரலை ஆட்டினாள். மனைவி மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் உள்ளே வந்தது. விரல் ஆடியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கை இன்னும் உள்ளே வந்தது, காதுக்கு நேராக, கன்னத்துக்கு நேராக. கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லு, சொல்லு என்று அவருக்குள் ஒரு குரல் அடித்துக்கொண்டது. விரல் கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் அவள் "ஆங், ஆடுது" என்றாள். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கண் டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது, வருடக் கணக்காக நடந்திருக்கிறது என்றார். நடுவில் ஒரு வட்டம் மிச்சம் இருக்கிறது, அதில் தெளிவாகத் தெரியும். போனது போனதுதான், திரும்ப வராது. சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், அதற்கும் உறுதி சொல்ல முடியாது.

"முன்னாடி எங்கயும் காட்டலையா?" என்று கேட்டார்.

"நான் பாத்தேன் சார்" என்றார் கண்ணாடிக்காரர். "கண்ணாடிக் கடையில வேலை."

"என்ன பாத்தீங்க?"

"பலகை."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இந்த நோயில பலகைய கடைசிவரைக்கும் படிப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து எழுத ஆரம்பித்தார். கண்ணாடிக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மகள் போனில் அழுதாள். "உங்க தொழிலே கண்ணுதானப்பா" என்றாள். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. அதற்குமேல் என்ன கேட்க வேண்டும்?

அன்று அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, எடுத்த படங்களையெல்லாம் பழையதிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். முதல் வருடங்களில் பறவைகள் அவரைப் பார்த்து வந்தன. பிறகு பக்கவாட்டாகப் பறந்தன. பிறகு ஒவ்வொன்றாக முதுகைக் காட்டின. சுருங்கிக்கொண்டே போன ஒருத்தியின் பார்வையை வாராவாரம் அவரே படம் பிடித்திருக்கிறார், உதவாது என்று பாதிக்குமேல் அழித்தும் இருக்கிறார். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையோடு அவள் யாருடைய கால்சட்டையையோ தைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். காலையும் மாலையும் அவர் கையால்தான் மருந்து. மேஜை ஓரத்தில் ஒரு டம்ளர் இருக்க விடமாட்டார். ரோட்டில் அவள் கையை விடவே மாட்டார், கூச்சப்பட்டு அவள் உதறினாலும் விடமாட்டார். கேமராவைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். கடையில் பார்வை பார்க்கிற ஆள் லீவு போட்ட நாளில் முதலாளி கூப்பிட்டதற்கு, "நான் பாக்க மாட்டேன், வேற ஆள வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை.

குளிர்காலம் முடியப் போகிற சமயம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்த ஞாயித்துக்கிழமை போலாமா?"

"எங்க?"

"கரைக்கு. விராலடிப்பான் கெளம்பிடும்ல. அத ஒரு தடவை நல்லா பாத்துடணும்."

 அவள் ஒன்று கேட்டு எத்தனை நாளாயிற்று? "போலாம்மா" என்றார். "கேமராவும் எடுத்துக்கோங்க" என்றாள். எடுத்துக்கொண்டார்.

கரையில் பேங்க்காரர் மட்டும் நின்றார். விஷயம் அவருக்குத் தெரியும். வழக்கமான கேலி எதுவும் வரவில்லை, "வாங்கம்மா" என்று நாற்காலியை வாங்கிப் போட்டுக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மனைவிக்குப் பக்கத்திலேயே நின்றார். கண்ணை அதில் வைக்கவில்லை. இந்தத் தடவை வானத்தை வெறும் கண்ணால் பார்ப்பது, வருவதை அவளுக்குச் சொல்வது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டு வந்திருந்தார்.

வெகு நேரம் கழித்து அது வந்தது. இடப்பக்கத்து மரங்களுக்கு மேலே, காலில் ஒரு மீனோடு.

"வருது, வருது, இடது பக்கம்! இல்ல, இன்னும் மேல!"

"எங்கங்க?"

அவர் குனிந்து, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்து, பறவை இருக்கும் பக்கம் திருப்பினார். அதற்குள் அது நகர்ந்திருந்தது. மறுபடி திருப்பினார். "இதோ, நேரா பாரு, நேரா!" அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "ஆ..." என்றாள். அவ்வளவுதான். பறவை தலைக்கு மேலே போய், கரையைத் தாண்டி, மறைந்தது. அவருடைய கை இன்னும் அவள் கன்னத்திலேயே இருந்தது.

"பாத்தியா?"

"ஒரு இறக்கை தெரிஞ்சுது. அப்புறம் வெறும் வானம்."  பிறகு அவர் பக்கம் ஆசையாகத் திரும்பினாள். "சரி, காட்டுங்க."

"என்னத்தை?"

"எடுத்தீங்கல்ல, அத."

"நான் எடுக்கலம்மா. உனக்குக் காட்டணும்னுதான் நான்..."

"எடுக்கலையா?" அவள் குரல் உடைந்தது. "ஏங்க, பறக்கிறது எனக்கு நிக்கலங்க. உள்ள வந்த உடனே வெளிய போயிடுது. படத்துல இருந்தா அங்கயே இருக்கும், நான் எவ்ளோ நேரம் வேணா பாத்துட்டு இருப்பேன். அதுக்குத்தான் கேமராவ எடுத்துக்கச் சொன்னேன். அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

 அவர் கழுத்தில் கேமரா கனமாகத் தொங்கியது.

அந்தப் பக்கத்திலிருந்து பேங்க்காரர் சத்தமில்லாமல் வந்தார். கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்க்காமலே, தன் கேமராவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "பாருங்கம்மா, விழுந்திருக்கு" என்றார். எதிர்முகம். இரண்டு இறக்கையும் விரிந்திருந்தன.

அவள் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை, தையல் போன இடத்தைத் தேடுகிறவள் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். இறக்கை, மார்பு, அலகு, கீழே மீன்.

"கண்ணு எங்க இருக்கு சார்?"

பேங்க்காரர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஆமா. இருக்கு. வெளிச்சம் விழுந்திருக்கு." அவள் முகம் மலர்ந்தது. "எவ்ளோ நல்லா எடுத்திருக்கீங்க சார்."

பக்கத்தில் கண்ணாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் எங்கே நிற்கிறார் என்று அவள் தேடவில்லை. அந்தக் கேமராவையும் அவள் சீக்கிரம் திருப்பிக் கொடுக்கவில்லை.